பட்டினிப் புறாக்கள்

"அண்ணன் இந்த இடத்துலதான் விழுந்து கிடந்தாரு."

தியாகராஜா கைத்தடியின் நுனியால் புல்லைத் தொட்டுக் காட்டினார். பிறகு அதே தடியை மேலே உயர்த்தினார். "அதோ, அந்தக் காட்டு நாவல் மரத்துலதான் புறா வந்து இறங்கும். பூண்டுலோயாப் பக்கம் எங்க தேடினாலும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

சாவுக்கும் புறாவுக்கும் நடுவில் அவர் மூச்சுக்கூட வாங்கவில்லை.

துப்பறியும் சிதம்பரநாதன் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய உதவியாள் செல்லசாமி சட்டென்று இரண்டடி நகர்ந்து நின்றான்.

"என்ன, பயமா இருக்கா?" என்று தியாகராஜா சிரித்தார்.

"பயமெல்லாம் இல்லீங்க. இன்னொருத்தர் துண்டு போட்டு வச்ச சீட்டுல நான் உட்காரமாட்டேன். பஸ்ஸில டிக்கெட் கிழிச்ச பழக்கம்."

தியாகராஜா இன்னும் பெரிதாகச் சிரித்தார். மனம்விட்டுச் சிரிக்கிற மனிதர். தோட்டத்துச் சனங்களுக்கு அவரைப் பிடிக்கும். வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுக் கப்பலேறிய இந்தச் சிறிய தோட்டத்தை, நுவரெலியாவில் புடைவைக்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் சண்முகராஜா வாங்கினார். அண்ணன் காலத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகியது. ஒழுகுகிறது என்று சொன்னவனுக்கு ஏச்சு விழுந்தது. தம்பி கைக்கு வந்ததும் புதுத் தகரம் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு இராமையா ஓடைப்பக்கம் நிப்பாரு. நான் கீழ்க்காட்டுக்குப் போறேன். காத்தும் வெயிலும் நல்லா இருக்கு, ரசிச்சுச் சுடுங்க. பனி இறங்கினா மட்டும் இடத்தை விட்டு நகர வேணாம். துவக்கு இருக்கிற காட்டுல நடமாடுறது நல்லதில்ல."

அதையும் சிரித்தபடியேதான் சொன்னார். துவக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சீட்டியடித்தபடி சரிவில் இறங்கிப் போனார்.

சித்திரை மாதத்து மாலை. கீழே தேயிலை மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக் கொத்மலைப் பள்ளத்தாக்குவரை போயின. முள்முருங்கை மரங்கள் இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்திருந்தன. காட்டுக்குள் எங்கோ ஒரு குக்குறுவான் விடாமல் கூவியது. காற்றில் ஈர மண்ணும் பழுத்த நாவலும் மணத்தன. வெயில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு ஆளைக் கொன்ற இடம் இத்தனை அழகாக இருப்பது சிதம்பரநாதனுக்கு என்னவோ போல் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றான் செல்லசாமி. "தோட்டம் முழுக்க எவ்வளவு மரம் இருக்கு. நமக்கு எதுக்கு இந்த மரத்தைக் குடுத்தாரு?"

"நல்ல இடம்னு சொன்னாரே."

"அவங்க அண்ணனுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

சிதம்பரநாதன் தோட்டாவைப் போட்டுத் துவக்கை மூடினார்.

*

முந்தாநாள்தான் ராக்காயி வந்தாள். ஹட்டன் கடைத்தெருவில், ஒரு சைவச் சாப்பாட்டுக்கடைக்கு மேலே இருந்த சிதம்பரநாதனின் அறைக்கு, மழையில் நனைந்த கம்பளியோடு. உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்தாள். செல்லசாமி அவளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கவே நேரமாகிவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு பழனியாண்டி மறியல்ல, சிறையில இருக்காருங்க. அடுத்த வாரம் கண்டியில வழக்கு. தூக்குல போட்டுருவாங்கன்னு சொல்றாங்க."

நடந்தது போன வருடம், இதே சித்திரையில். கூரை ஒழுகுகிறது என்று ஒருதடவைக்கு இரண்டுதடவை சொன்னதற்காக, பெரிய முதலாளி சண்முகராஜா, பழனியாண்டியின் சட்டிபானைகளை லயத்திலிருந்து வெளியே எறியச் சொன்னார். பழனியாண்டி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை தொழிலாளர்களும் கேட்க, "உன்னைய அந்தக் காட்டுலயே சாய்ப்பேன்டா" என்று கத்தினான். மறுநாள் மாலை பெரிய முதலாளி புறா சுடப் போனாராம். இருட்டுகிற வேளையாகியும் அவர் இறங்கி வரவில்லை. தம்பி தியாகராஜாவும் கண்டாக்கு இராமையாவும் தேடிப் போனபோது, பிடரியில் குண்டு பாய்ந்து, சுட்ட புறாக்கள் பக்கத்தில் கிடக்க, அவர் குப்புற விழுந்து கிடந்தார். அதே நேரம் அதே காட்டுவழியாகப் பழனியாண்டி விறகுக் கட்டோடு இறங்கி வந்தான்.

பகல் முழுக்க அவன் கவ்வாத்துக் கத்தியோடு ஆட்கள் நடுவில் தேயிலை வெட்டிக்கொண்டிருந்தான். வேலை விட்ட பிறகுதான் விறகுக்குப் போனான். ஆனால் செத்தது மாலையில் என்றார்கள். மாலையில் அவன் காட்டில் இருந்தான். போலீசுக்கு அது போதுமாக இருந்தது. துவக்கு கிடைக்கவில்லை, ஓடையில் எறிந்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"உங்களுக்கு வேற யார் மேலயாவது சந்தேகமா?" என்று சிதம்பரநாதன் கேட்டார்.

"யாரைச் சொல்லுவேன் ஐயா? பெரியவரை எல்லாரும்தான் வைஞ்சாங்க. சின்ன முதலாளி தங்கமானவரு. கொலைகாரன் பொண்டாட்டின்னு என்னைத் தள்ளி வைக்கல. லயத்துல அதே காம்பிரா வீட்டைக் குடுத்து, வாராவாரம் அரிசியும் அனுப்புறாரு."

அந்தத் தங்கமானவர்தான், விசாரிக்க வந்திருக்கிறோம் என்று சொன்னவுடன் கோபப்படாமல், பங்களாவில் பகல் சாப்பாடு போட்டு, மாலையில் புறா சுடவும் கூப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் செல்லசாமி வழக்கம்போலச் சமையலறைக்குள் புகுந்தான். "விசாரணையை அடுப்பங்கரையிலதான் தொடங்கணும் சார். போலீஸ் எப்பவும் வாசலோட நின்னுரும்" என்பது அவன் கொள்கை. சமையற்காரி பேச்சியம்மா அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். புறா என்ற சொல்லைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"அந்தப் பேச்சே வேணாங்க. அது சாமிக் குத்தம்."

"என்ன அக்கா குத்தம்?"

அவள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அக்கா மகளுக்குச் சடங்குன்னு சின்ன முதலாளிதான் அன்னிக்கு எனக்கு லீவு குடுத்தாரு. இருட்டினப்புறம் வந்து பார்த்தா, பெரியவரைக் கொண்டுவந்து கிடத்தியிருக்காங்க. அவரு சுட்ட புறாவும் ஒரு மூலையில கெடக்கு. எங்கயாவது தூக்கி வீசிருன்னாரு சின்னவரு. வீச மனசு வரலீங்க. புள்ளைகுட்டிக்காரி. லயத்துக்கு எடுத்துட்டுப் போய் அறுத்தேன். ஒரு புறாவோட இரைப்பையில கூட ஒரு பொட்டு இரை இல்ல. எல்லாம் பட்டினி. செத்தவரோட சேர்ந்து பட்டினி கெடந்த மாதிரி. நெஞ்சு பதறிப்போய் அத்தனையையும் புதைச்சுட்டேன்."

"வெள்ளிக்கிழமையா இருந்திருக்கும் அக்கா. புறாவும் விரதம் புடிச்சிருக்கும்."

கதவோரம் நின்றிருந்த சிதம்பரநாதனும் அப்போது சிரித்தார்.

*

முதலில் இரண்டு புறாக்கள் வந்தன. சாம்பல் நிறத்தில், கனமாக, சிறகு ஒலிக்க மரத்தைச் சுற்றிவிட்டு உச்சிக் கிளையில் இறங்கின. பிறகு மலைமுகட்டுக்கு அப்பாலிருந்து கூட்டமாக வரத் தொடங்கின. மஞ்சள் வெயில் அவற்றின் கழுத்தில் பட்டு ஒரு நொடி பச்சையாக, ஒரு நொடி ஊதாவாக மின்னியது. கீழ்க்காட்டில் துவக்கு வெடித்தது. சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. ஓடைப்பக்கம் இன்னொரு வெடி. சிதம்பரநாதனும் சுட்டு மூன்று புறாக்களை வீழ்த்தினார்.

"பார்த்தியா செல்லசாமி, எது யாரோட வெடின்னு சொல்ல முடியுதா?"

"எதிரொலியைச் சேர்த்தா ஒரு பட்டாளமே சுடுற மாதிரி இருக்கு."

"புறா சுடுற காட்டுல வெடி கேட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் அன்னிக்கு எந்த வெடி சண்முகராஜாவைக் கொன்னதுன்னு ஒருத்தரும் கேக்கல. ம், நீயும் சுடு."

"எனக்குச் சுடத் தெரியாதே சார்."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டுச் சுடு. புறாவுக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?"

செல்லசாமி உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டான். துவக்கு அவனைப் பின்னால் தள்ளியது. அதே கணம் வானத்திலிருந்து ஏதோ கனமாக அவன் நெஞ்சில் வந்து மோதியது. அவன் மல்லாந்து விழுந்தான். கண் திறந்து பார்த்தபோது, வெள்ளைச் சட்டையில் மார்பு முழுக்கக் கருஞ்சிவப்பாக ஒரு கறை பரவிக்கொண்டிருந்தது.

"சார்! போச்சு சார்! என்னைச் சுட்டுட்டானுங்க! எங்கம்மாகிட்டச் சொல்லிருங்க…"

சிதம்பரநாதன் பாய்ந்து வந்து மண்டியிட்டார். முகம் வெளுத்திருந்தது. கறையைத் தொட்டார். விரலை மோந்து பார்த்தார்.

"செல்லசாமி, உன் ரத்தத்துல கொட்டை இருக்கா?"

"என்னது?"

"இது நாவல்பழம். புறா உன் மேல விழுந்து இரைப்பை வெடிச்சிருக்கு. எழுந்திரு."

பக்கத்தில் கிடந்த புறாவைத் தூக்கினார். கழுத்துக்குக் கீழே இரைப்பை கிழிந்து, பாதி கரைந்த பழங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. தான் முன்பே சுட்டுப் போட்டிருந்த புறாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சந்தைக்குப் போய்த் திரும்பிய பை மாதிரிப் புடைத்திருந்தன.

அவர் எழுந்திருக்கவில்லை. புறாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். காட்டில் குக்குறுவான் எப்போதோ ஓய்ந்துவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து பனி, சத்தமில்லாமல், தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது.

"பேச்சியம்மா என்ன சொன்னா?" என்றார் மெதுவாக.

"சாமிக் குத்தம்னு…"

"இரைப்பையில ஒண்ணுமே இல்லேன்னு சொன்னா. பகல் முழுக்கத் தின்னுட்டு அடையறதுக்கு வர்ற புறாவோட இரைப்பை இப்படித்தான் இருக்கும். ராத்திரி எல்லாம் செரிச்சுட்டு, விடியக்காலையில மரத்தை விட்டுக் கிளம்புற புறாவோட இரைப்பைதான் காலியா இருக்கும்."

செல்லசாமி சட்டையைத் துடைப்பதை நிறுத்தினான்.

"அப்ப, செத்தவரு பக்கத்துல கெடந்தது காலையில சுட்ட புறாவா?"

"ஆமா."

"இருங்க சார். காலையில சுட்டதை அவரே சாயந்தரம் எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

"மீன் பிடிக்கப் போறவன் சந்தையில மீன் வாங்கிட்டுக் கடலுக்குப் போவானா?"

"நான் போவேன். நான் போற லட்சணத்துக்கு."

"சண்முகராஜா நல்லாச் சுடுறவரு." சிதம்பரநாதன் எழுந்தார். "அவர் விடியக்காலையில இங்க வந்திருக்கார். புறா சுட்டிருக்கார். விடியக்காலையிலயே செத்திருக்கார். நாள் முழுக்க இந்தப் பனியில, இந்தக் குளிர்ல, இதே புல்லுல கிடந்திருக்கார். வேலைக்காரியும் லீவு. பகல் சாப்பாட்டுக்கு வரலையேன்னு தேட ஆள் இல்ல."

"அந்த நேரம் பழனியாண்டி பெரட்டுல, அப்புறம் கவ்வாத்து மலையில. அத்தனை பேரும் பார்த்திருக்காங்க." செல்லசாமியின் குரல் ஏறியது. "சார், அவன் தப்பிச்சுட்டான்!"

"மெதுவா. இன்னும் தப்பிக்கல. அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல சண்முகராஜாவை உயிரோட பார்த்ததா ஒரே ஒரு ஆள் போலீசுக்குச் சொல்லியிருக்கான்."

"யாரு?"

"ஓடைப்பக்கம் நிக்கிறானே, அவன்."

செல்லசாமி ஓடைப்பக்கம் திரும்பினான். "கண்டாக்கு இராமையா. கையில துவக்கோட."

*

நகர வேண்டாம் என்று சொல்லப்பட்ட இடத்தை விட்டு இருவரும் நகர்ந்தார்கள். பனி இப்போது மரங்களின் இடுப்புவரை வந்துவிட்டது. ஓடையின் சத்தத்தை வைத்துத்தான் வழி பிடிக்க வேண்டியிருந்தது. மேலே கிளைகளில் புறாக்கள் அடையத் தொடங்கிவிட்டன. அவற்றின் அனக்கம் மட்டும் கேட்டது, உருவம் தெரியவில்லை.

இராமையா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றிச் சால்வை. வயதான மனிதர். காலடிச் சத்தம் கேட்டதும் துவக்கோடு துள்ளி எழுந்தார்.

"சுட்டுராதீங்க!" என்றான் செல்லசாமி. "நானும் முன்ன கண்டாக்குதான். நீங்க தோட்டத்துல, நான் பஸ்ஸில. ரெண்டு பேரையும் சனங்க ஏசுற வார்த்தைகூட ஒண்ணுதான்."

இராமையா சிரிக்கவில்லை. "சின்ன முதலாளி யாரையும் நகர வேணாம்னாரே."

"ஒரே ஒரு கேள்வி" என்றார் சிதம்பரநாதன். அவருடைய துவக்கு தோளில் இருந்தது. கண் இராமையாவின் கைவிரல் மேல் இருந்தது. "போன வருஷம் அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல பெரிய முதலாளி இந்த வழியா ஏறிப் போனதைப் பார்த்ததாச் சொல்லியிருக்கீங்க. முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்க்காமலா? பழைய துரை விட்டுட்டுப் போன பெரிய தொப்பி இருக்குதுங்களே, அதை அவரைத் தவிர யாரும் போடமாட்டாங்க. தோள்ல துவக்கு."

"நான் முகத்தைக் கேட்டேன்."

இராமையா யோசித்தார். "பனி போட்டிருந்துச்சுங்க. தொப்பி முகத்தை மறைச்சிருந்துச்சு."

"பேசினாரா?"

"இல்லீங்க. சலாம் வச்சேன். திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டாரு."

"எப்பவும் அப்படித்தான் போவாரா?"

"எங்கீங்க? என்னைக் கண்டா அப்பன் ஆத்தாளை இழுக்காம அந்த மனுசன் ஒரு அடி நகர மாட்டாரு. அன்னிக்கு மட்டும் ஏசல. இன்னிக்கு நம்ம நாளு நல்லா இருக்குன்னு சாமியைக்கூடக் கும்பிட்…"

வார்த்தை பாதியில் நின்றது. அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. கையிலிருந்த துவக்கு மெல்லத் தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சிதம்பரநாதனுக்குப் புரிந்துவிட்டது. இவர் பொய் சொன்னவர் இல்லை. ஒரு தொப்பிக்குச் சலாம் வைத்தவர்.

"ஐயா… அப்ப அது யாருங்க?"

"அதுக்கப்புறம் உங்ககிட்ட வந்து சேர்ந்தது யாரு?"

"சின்ன முதலாளிதான்." இராமையா மேல் காட்டுப்பக்கம் பார்த்தார். "காலையிலேயே நுவரெலியாக் கடைக்குப் போனவரு. கொஞ்ச நேரங்கழிச்சு மேல் காட்டுப்பக்கமிருந்து இறங்கி வந்தாரு. வேர்த்து ஒழுகுச்சு. மோட்டார் நின்னுபோச்சு, குறுக்கால ஏறி வந்தேன்னாரு. நான்தான் சொன்னேன், பெரியவரு இப்பத்தான் மேல போறாருன்னு. 'அப்படியா'ன்னு கேட்டுக்கிட்டாரு."

"அண்ணன் தொப்பியோட ஏறினவர், அதைப் பிணத்துப் பக்கத்துல போட்டுட்டுத் தம்பியா இறங்கியிருக்கார்" என்றார் சிதம்பரநாதன்.

"சார்" என்றான் செல்லசாமி மிகவும் தணிந்த குரலில். "கீழ்க்காட்டுத் துவக்கு எப்ப நின்னுச்சு?"

சிதம்பரநாதனுக்கும் ஞாபகம் இல்லை.

"நகர வேணாம்னு சொன்னேனே."

குரல் கீழேயிருந்து வரவில்லை. அவர்கள் வந்த வழியிலிருந்தே வந்தது. பனிக்குள் முதலில் துவக்கின் இரட்டைக் குழல் தெரிந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த கை, பிறகு தியாகராஜாவின் முகம். அதில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நாவல் மரத்தடிக்குப் போனேன். ரெண்டு பேரையும் காணோம். தோள்ல இருக்கிறதை இறக்க வேணாம் மிஸ்டர் சிதம்பரநாதன். அப்படியே இருக்கட்டும்."

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"தொப்பியிலருந்து." அவர் குழலை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினார். "கண்டாக்கு, தள்ளி நில்லுங்க. பனியில ஏதோ அசைஞ்சுது, புறான்னு நெனச்சுச் சுட்டுட்டேன். நீங்கதான் சாட்சி. போன தடவையும் நல்லாத்தான் சொன்னீங்க."

இராமையா அசையவில்லை. அவர் நின்றிருந்த இடம் குழலுக்கும் மற்ற இருவருக்கும் நடுவில்.

"தள்ளுங்கன்னு சொன்னேன்."

"மாட்டேங்க." கிழவரின் குரல் உடைந்து வந்தது. "பழனியாண்டி என் கண்ணு முன்னால பொறந்த பய. ஒரு வருசமா அவனை நான்ல உள்ள வச்சிருக்கேன்."

சிதம்பரநாதன் பேச்சை வளர்த்தார். "விசாரிச்சேன். போன வருஷம் வைகாசியில உங்க அண்ணனுக்கு வலப்பனையில பெண் பார்த்து நாள் குறிச்சிருந்தாங்க. கல்யாணம் நடந்தா இந்தத் தோட்டம் உங்களுக்கு வராது."

"தோட்டமா?" தியாகராஜாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அது இல்லாமல் அவர் வேறு ஆளாக இருந்தார். "நான் சின்னப் பயலா இருந்ததிலருந்து அவர் சுட்டதை நான் பொறுக்கினேன். ஒருநாள்கூடத் துவக்கைத் தொட விட்டதில்ல. இந்தக் கூலிக்காரங்க பார்க்க, 'ஓடிப்போய் எடுத்துட்டு வாடா'ம்பாரு. நாயைக் கூப்பிடுற மாதிரி விசில் அடிப்பாரு. அன்னிக்கு விடியக்காலையும் அடிச்சாரு. போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்துல ஒழுங்கா அடுக்கி வச்சேன். கல்லு மேல துவக்கைச் சாத்திட்டுச் சுருட்டுப் பத்த வச்சார். அப்பத்தான் முதல்முதலா அந்தத் துவக்கைக் கையில எடுத்தேன்."

"பழனியாண்டி?"

"அவன் அந்த நேரம் அங்க வருவான்னு நான் நினைக்கல. வந்துட்டான். நான் என்ன செய்ய? அவன் பொண்டாட்டிக்கு ஒரு குறையும் வைக்கலயே. வாராவாரம் அரிசி போகுதே."

அதைச் சொன்னபோது அவர் உண்மையிலேயே புண்பட்டவர் போல் இருந்தார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. குழல் இராமையாவின் தோளுக்கு மேலாக உயர்ந்து சிதம்பரநாதனின் முகத்துக்கு வந்தது.

செல்லசாமியின் துவக்கு வெடித்தது.

பயத்தில் விரல் இழுத்ததா, புத்தியோடு இழுத்ததா என்று பிற்பாடு அவனே இரண்டு விதமாகவும் சொல்லிக்கொண்டான். குண்டு வானத்துக்குப் போனது. ஆனால் அவர்கள் தலைக்கு மேலிருந்த மரத்தில், பனிக்குள், கூட்டம் முழுவதும் அடைந்திருந்தது. ஒரே சமயத்தில் அத்தனை புறாக்களும் கிளம்பின. இடி விழுந்தது போலச் சிறகுகள் அடித்துக்கொண்டன. பனி கிழிந்து, இலையும் சுள்ளியும் பழமும் கொட்டி, சாம்பல் உடல்கள் நான்கு பேர் முகத்திலும் மோதின. தியாகராஜா கையை உயர்த்தி முகத்தை மறைத்தார். இரட்டைக் குழலும் ஒன்றாக வெடித்து ஓடைத் தண்ணீரைக் கிளப்பியது.

இரண்டாவது மூச்சுக்குள் சிதம்பரநாதன் அவர்மேல் பாய்ந்திருந்தார். செல்லசாமி காலைப் பிடித்தான். இராமையா கழுத்துச் சால்வையை உருவித் தானே கையைக் கட்டினார். கட்டும்போது, "மன்னிச்சுக்குங்க ஐயா, மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

தியாகராஜா திமிறவில்லை. புறாக்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

போலீசார் வந்து கொண்டுபோனபோது லயத்து வாசல்களில் சனங்கள் நின்றார்கள். யாரும் ஏசவில்லை. இரண்டொரு பெண்கள் அவருக்காக அழுதார்கள். தகரம் போட்டுக் கொடுத்த மனிதர் கொலை செய்தார் என்று ஒரே இரவில் நம்ப முடியுமா? இராமையா கண்டிக்குப் போய், தான் பார்த்தது தொப்பியைத்தான் என்று புதிதாகச் சாட்சி சொன்னார். தியாகராஜாவும் எதையும் மறுக்கவில்லை.

வைகாசி பிறந்த பிறகுதான் பழனியாண்டியை விட்டார்கள். கண்டிச் சிறையின் வாசலில் ராக்காயி, சிதம்பரநாதன், செல்லசாமி மூவரும் காத்திருந்தார்கள். சின்னக் கதவு திறந்தது. உள்ளே போனபோது போட்டிருந்த சட்டை இப்போது தொளதொளவென்று தொங்க, ஒரு மனிதன் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். சிதம்பரநாதனைக் கும்பிட்டான். பிறகு மனைவியிடம் போய் நின்றான்.

"நான்தான் சுட்டேன்னு நெனச்சியா?"

ராக்காயி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நெனச்சேன்."

செல்லசாமி சிதம்பரநாதனைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த ஆளு பேசின பேச்சுக்கு நீ சுட்டிருப்பேன்னுதான் நெனச்சேன்" என்றாள் ராக்காயி. "சுட்டதும் சரிதான்னு நெனச்சேன்."

"பொறகு எதுக்கு ஹட்டனுக்குப் போனே?"

"அதுக்காக உன்னைய விட்டுர முடியுமா?"

பழனியாண்டி அவள் தலையிலிருந்த மூட்டையை இறக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"வா" என்றான். "பஸ்ஸு போயிரும்."